டிசம்பர் பம்பும் மே மாதப் பம்பும்

புதிதாக நீர்மூழ்கி மோட்டார் வாங்கப் போனால் கடையில் முதலில் காட்டுவது பெயர்த் தகட்டைத்தான். எத்தனை எச்.பி., எத்தனை ஸ்டேஜ், எத்தனை மீட்டர் ஹெட்டில் விநாடிக்கு எத்தனை லிட்டர், ஒட்டுமொத்தச் செயல்திறன் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பக்கத்தில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் தரும் ஸ்டார் முத்திரையும் ஒட்டியிருக்கலாம். இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சச் செயல்திறனை விட இந்த மாடலின் செயல்திறன் எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த விகிதம் 1.20-ஐ எட்டினால் ஐந்து ஸ்டார் தருகிறார்கள். முத்திரை சொல்வது உண்மைதான். ஆனால் அது ஒரே ஒரு புள்ளியின் உண்மை: தயாரிப்பாளர் அறிவித்த ஹெட், அறிவித்த டிஸ்சார்ஜ், சீரான வோல்டேஜ். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் வட்டாரத்துப் பாறை நிலத்தில் எந்தப் போர்வெல்லும் வருடம் முழுவதும் அந்தப் புள்ளியில் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பரில் மேலே நிற்கும் தண்ணீர் மே மாதத்தில் எங்கோ அடியில் கிடக்கும். ஒரு நாள் வாய்க்காலில் திறந்துவிடுகிறோம், மறுநாள் அதே தண்ணீரைச் சொட்டுநீர்க் குழாயில் அழுத்தத்தோடு தள்ளுகிறோம். பம்ப் ஒன்றுதான் என்றாலும் அது செய்யும் வேலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. எனவே வயலில் செயல்திறனை அளப்பவர் குறைந்தது மூன்று வெவ்வேறு நிலைகளில் அளக்க வேண்டும், ஒவ்வொரு நிலையிலும் பம்ப் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

கணக்கு எளிது. விநாடிக்கு எத்தனை லிட்டர் என்பதை மொத்த ஹெட்டின் மீட்டர் அளவால் பெருக்கி 102-ஆல் வகுத்தால், தண்ணீர் உண்மையில் பெற்ற சக்தி கிலோவாட்டில் கிடைக்கும். அதை மோட்டார் இழுக்கும் கிலோவாட்டால் வகுத்தால் ஒட்டுமொத்தச் செயல்திறன். இதோடு இன்னோர் எண்ணும் வேண்டும்: ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்பது. இரண்டையும் இணைக்கும் கைக்கணக்கு ஒன்று உண்டு. ஹெட்டை 0.2725-ஆல் பெருக்கி, ஆயிரம் லிட்டருக்கான யூனிட்டால் வகுத்தால் செயல்திறன் சதவீதமாகவே வரும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயர்த்த, துளி இழப்பும் இல்லாவிட்டாலும் 0.2725 யூனிட் தேவை. அதற்குக் கீழே எந்தப் பம்பாலும் போக முடியாது. இதற்கும் குறைவாகச் செலவாகும் என்று யாராவது சொன்னால் அவருடைய அளவில் எங்கோ பிழை இருக்கிறது.

கணக்குக்காக 7.5 எச்.பி. நீர்மூழ்கிப் பம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் மொத்த ஹெட் 75 மீட்டர், விநாடிக்கு 4.1 லிட்டர், மோட்டார் இழுப்பது 6.4 கிலோவாட். செயல்திறன் 47 சதவீதம், ஆயிரம் லிட்டருக்கு 0.43 யூனிட். இதுதான் தகட்டில் இருக்கும் புள்ளி. டிசம்பரில் ஹெட் 55 மீட்டராகக் குறைகிறது, தண்ணீர் 5.4 லிட்டராகக் கூடுகிறது, மோட்டார் 6.7 கிலோவாட் இழுக்கிறது. செயல்திறன் 43.5 சதவீதமாக இறங்குகிறது. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு 0.345 யூனிட் போதும். மே மாதத்தில் ஹெட் 95 மீட்டர், தண்ணீர் 1.8 லிட்டர், மோட்டார் 5.4 கிலோவாட். செயல்திறன் 31 சதவீதம், ஆயிரம் லிட்டருக்கு 0.83 யூனிட். ஒரே பம்ப் ஒரே வருடத்துக்குள் மூன்று பம்புகளாக நடந்துகொள்கிறது.

டிசம்பர் எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த மாதத்தில் பம்ப் தன் உச்சச் செயல்திறனில் இல்லை. இருந்தும் வருடத்திலேயே மலிவான தண்ணீர் அப்போதுதான் கிடைக்கிறது. யூனிட் கணக்கை மட்டும் பார்ப்பவர் டிசம்பரில் பம்ப் அருமையாக ஓடுகிறது என்பார், சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் பம்பில் ஏதோ கோளாறு என்பார். இருவர் சொல்வதும் பாதிதான். மே மாதக் கணக்கு இன்னும் தெளிவு. மார்ச்சில் இருந்த 47 சதவீதமே நீடித்திருந்தால், ஹெட் கூடியதற்காக மட்டும் 0.43 யூனிட் 0.55 ஆகியிருக்கும். அது பூமி கேட்கும் விலை, யாராலும் தவிர்க்க முடியாது. 0.55-க்கு மேல் 0.83 வரைக்கும் உள்ள 0.28 யூனிட், பம்ப் தன் இடத்தை விட்டு விலகி ஓடுவதன் விலை. அதைக் குறைக்க வழியுண்டு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத அளவீட்டால் எந்த முடிவும் எடுக்க முடியாது.

அடுத்தது மணி நேரம். டிசம்பர் நிலையில் 200 மணி, மார்ச் நிலையில் 500 மணி, மே நிலையில் 900 மணி ஓடுவதாக வைத்துக்கொள்வோம். கோடையில் பயிருக்குத் தாகம் கூடும், தண்ணீர் வரத்து குறையும், அதனால் மோட்டார் நெடுநேரம் ஓடும். மொத்தச் செலவு 9,400 யூனிட், மொத்தத் தண்ணீர் 171 லட்சம் லிட்டர். தண்ணீர் பெற்ற வேலையையெல்லாம் கூட்டி மொத்த யூனிட்டால் வகுத்தால் வருடச் செயல்திறன் 38 சதவீதம். தகடு சொன்னது 47. மூன்று சதவீதங்களையும் கூட்டி மூன்றால் வகுக்கும் பழக்கம் பல அறிக்கைகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால் 40.5 வரும். அது தவறான எண். 200 மணி ஓடிய டிசம்பருக்கும் 900 மணி ஓடிய மே மாதத்துக்கும் அது ஒரே எடை கொடுத்துவிடுகிறது. வேலையைத் தனியாகக் கூட்ட வேண்டும், யூனிட்டைத் தனியாகக் கூட்ட வேண்டும், கடைசியில்தான் வகுக்க வேண்டும். அப்படிச் செய்தால் இன்னொன்றும் கண்ணில் படும்: வருட மின்சாரத்தில் பாதிக்கு மேல் மே நிலையில் செலவாகிறது, அதற்குக் கிடைப்பதோ வருடத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு. இந்த விவசாயியின் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. தகட்டுப் புள்ளியில் எத்தனை முறை அளந்தாலும் அது தெரியவந்திருக்காது.

பல புள்ளிகளில் அளப்பது வயல்காட்டுக்காரரின் வீண் வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். உலகத் தரக் கட்டுப்பாடுகளே இந்தப் பக்கம்தான் வந்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் கொண்டுவந்த தண்ணீர்ப் பம்ப் விதி, உச்சச் செயல்திறன் தரும் ஓட்டத்தில் 75, 100, 110 சதவீதம் என்று மூன்று இடங்களில் செயல்திறனைக் கேட்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறை 2016-இல் வெளியிட்டு 2020 ஜனவரி முதல் கட்டாயமாக்கிய விதி, வேகம் மாறும் பம்புகளை 25, 50, 75, 100 சதவீத ஓட்டங்களில் மதிப்பிடுகிறது. குளிர்நாட்டு வீடுகளில் வெந்நீரைச் சுற்றவிடும் சிறிய பம்புகளுக்கு ஐரோப்பா இன்னும் ஒரு படி மேலே போய், நேரத்துக்கும் எடை கொடுத்தது. முழு ஓட்டத்துக்கு 6 சதவீத நேரம், கால்வாசி ஓட்டத்துக்கு 44 சதவீத நேரம். அந்தப் பம்ப் முழு ஓட்டத்தில் ஓடுவதே அபூர்வம் என்பதை விதி எழுதியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டிலும் 2019-இல் தொடங்கிய பி.எம்.-குசும் திட்டத்தில் வரும் சோலார் பம்புகளுக்கு, நண்பகலில் ஒரு கணத்தின் டிஸ்சார்ஜைப் பார்ப்பதோடு விடாமல், ஒரு நாள் முழுக்கக் கிடைத்த தண்ணீரைப் பேனலின் வாட்டால் வகுத்தே பார்க்கிறார்கள். வெயில் ஏறி இறங்குவதால் அங்கே வேறு வழியில்லை. போர்வெல்லில் நீர்மட்டம் ஏறி இறங்குவதும் அதே கதைதான், ஒரு நாளில் நடப்பது ஒரு வருடத்தில் நடக்கிறது.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். தண்ணீர், ஹெட், மின்சாரம் என்ற மூன்று அளவுகளில் தண்ணீரை அளப்பதுதான் எல்லோரும் எளிது என்று நினைத்துத் தவறவிடுவது. 200 லிட்டர் டிரம் மே மாதத்தில் 111 விநாடியில் நிரம்பும், ஒரு விநாடி பிசகினாலும் பாதகமில்லை. டிசம்பரில் அதே டிரம் 37 விநாடியில் நிரம்பிவிடும். அங்கே ஒரு விநாடிப் பிசகு கிட்டத்தட்ட 3 சதவீதம். சிமென்ட் தொட்டி இருந்தால் அதுவே மேல். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத் தொட்டியில் தண்ணீர் 30 சென்டிமீட்டர் உயர 1,800 லிட்டர் வேண்டும். விநாடிக்கு 1.8 லிட்டர் வந்தால் 1,000 விநாடி ஆகும். சுவரில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, தண்ணீர் கீழ்க்கோட்டைத் தொடும்போது கடிகாரத்தை அமுக்க வேண்டும். தொட்டிக்குள் குழாயின் வாய் தண்ணீரில் முங்கினால் ஹெட் மாறும் என்பதால், அளந்து முடியும் வரை வாய் வெளியே இருக்கட்டும். குழாய்க்கு மேல் வைத்து அளக்கும் அல்ட்ராசானிக் மீட்டர் வசதியானதுதான், ஆனால் நீர்மட்டம் பம்ப் வரை இறங்கித் தண்ணீரோடு காற்றும் ஏறத் தொடங்கினால் அது சொல்லும் எண்ணை நம்பக் கூடாது. குழாய் வாயில் தண்ணீர் விட்டுவிட்டுக் கொப்பளித்தால் காற்று வருகிறது என்று பொருள். அப்போது தொட்டியும் கடிகாரமும்தான் கதி.

ஹெட்டை அளப்பதில்தான் பெரும்பாலான வயல் அளவீடுகள் கெட்டுப்போகின்றன. மோட்டார் எத்தனை அடியில் இறக்கப்பட்டிருக்கிறது என்பதை ஹெட்டாக எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. எடுக்க வேண்டியது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் நிற்கும் மட்டம். அதிலிருந்து பிரஷர் கேஜ் வரையிலான உயரம், அதோடு கேஜ் காட்டும் அழுத்தம், ஒரு கிலோவுக்கு 10 மீட்டர் வீதம். இந்தக் கூட்டுத்தொகை, போர்வெல்லுக்குள் குழாய் உரசலில் போவதையும் செயல்திறனில் வந்த குறைவாகவே காட்டும். குழாயும் நம்முடையதுதான் என்பதால் வயல் கணக்குக்கு அது சரியே. மட்டம் பார்க்க, தண்ணீரைத் தொட்டதும் ஒலி எழுப்பும் நாடா கிடைக்கிறது. அது குழாய்க்கும் கேபிளுக்கும் இடையில் சிக்கும் என்று பயந்தால், மோட்டார் இறக்கும்போதே மெல்லிய குழாய் ஒன்றைத் தெரிந்த ஆழம் வரை கூடவே கட்டி இறக்கிவிடலாம். பின்பு எப்போது வேண்டுமானாலும் சைக்கிள் பம்பால் அதில் காற்றடித்து, கேஜ் ஏறாமல் நிற்கும் அளவைப் படித்தால், குழாயின் அடிமுனைக்கு மேல் எத்தனை மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று தெரியும். மோட்டார் போட்டவுடன் அளக்கக் கூடாது. பாறைக் கிணற்றில் முதல் அரை மணி நேரம் மட்டம் சரசரவென்று இறங்கும். அதன் பிறகும் நிலைக்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால், கால் மணிக்கு ஒருமுறை மட்டம், தண்ணீர், கிலோவாட் மூன்றையும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். காலையில் எடுத்த மட்டத்தோடு மதியம் எடுத்த டிஸ்சார்ஜைச் சேர்த்தால் வரும் எண் எந்தப் பம்பையும் குறிக்காது.

கேஜ் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கேட் வால்வைப் பாதி மூடி ஓட்டும்போது வால்வுக்கு முன்னால் இருக்கும் கேஜ் நல்ல அழுத்தம் காட்டும், அதை வைத்துக் கணக்கிட்டால் செயல்திறனும் நன்றாகவே வரும். வால்வைத் தாண்டி வயலுக்குப் போவது அதில் ஒரு பகுதிதான். சொட்டுநீர் அமைப்பில் அடைத்துக்கொண்ட மணல் ஃபில்டரும் இதே வேலையைச் செய்யும். முன்னால் உள்ள கேஜ் பம்பின் திறமையைச் சொல்கிறது, பின்னால் உள்ளது உங்களுக்குக் கிடைத்ததைச் சொல்கிறது. இரண்டு இடத்திலும் கேஜ் வையுங்கள். செலவு மிகக் குறைவு.

மின்சாரத்தை அளக்க கிளாம்ப் மீட்டர் மட்டும் போதாது. ஆம்பியரையும் வோல்ட்டையும் பெருக்கி, பவர் ஃபேக்டர் 0.85 என்று மனசுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். உண்மையில் அது 0.70 ஆக இருந்தால் கணக்கில் 20 சதவீதத்துக்கும் மேல் பிழை. மோட்டாரின் சுமை குறையும்போது பவர் ஃபேக்டரும் குறையும். நாம் அளக்க விரும்பும் மே மாதத்தில்தான் இந்தப் பிழை பெரிதாகும். மூன்று ஃபேஸையும் சேர்த்துக் கிலோவாட் காட்டும் மீட்டர் வேண்டும். கரண்ட் மீட்டர் பொருத்திய இணைப்பானால் ஒரு மணி நேரம் ஓடவிட்டு யூனிட் வித்தியாசத்தைப் படித்தாலே போதும். மூன்று ஃபேஸின் வோல்டேஜையும் பக்கத்தில் எழுதுங்கள். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், காயில் சூடாகும். வோல்டேஜ் எழுதாத அளவை அடுத்த வருட அளவோடு ஒப்பிட முடியாது.

வயலில் எடுக்கும் அளவு ஆய்வகத்து அளவு ஆகுமா என்பது நியாயமான கேள்வி. ஆகாது. தண்ணீர், ஹெட், மின்சாரம் மூன்றிலும் தலா 2 சதவீதப் பிழை இருந்தால் விடையில் ஏறத்தாழ 3.5 சதவீதப் பிழை இருக்கும். அதாவது 47 என்பது 45.4 முதல் 48.6 வரை எதுவாகவும் இருக்கலாம், 31 என்பது 30 முதல் 32 வரை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை எந்த அளவுப்பிழையும் மூடிவிடாது. காயில் கட்டியபின் செயல்திறன் ஒரு சதவீதம் கூடியது என்று மட்டும் இந்த முறையால் யாரும் நிரூபிக்க முடியாது, அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். பெரிய வித்தியாசங்களைத் தேடத்தான் வயல் அளவீடு. விரயம் பெரும்பாலும் பெரிய வித்தியாசங்களில்தான் இருக்கிறது.

பல புள்ளிகளில் அளப்பதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. மே மாதத்தில் 31 சதவீதம் என்று தெரிந்ததும், இம்பெல்லர் மணலில் தேய்ந்துவிட்டது, பம்பை மாற்றுங்கள் என்பார் மெக்கானிக். தேய்மானமா, பொருத்தமின்மையா என்பதை ஒரு புள்ளியால் சொல்லவே முடியாது. மூன்று புள்ளிகளையும் தயாரிப்பாளரின் வளைகோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். மூன்றும் கோட்டுக்குக் கீழே விழுந்தால் பம்ப் தேய்ந்திருக்கிறது, அல்லது உள்ளே குழாய் ஓட்டையாகி ஒழுகுகிறது. மூன்றும் கோட்டின் மேலேயே உட்கார்ந்து, உச்சத்தை விட்டு மட்டும் விலகியிருந்தால் பம்பில் குறையில்லை, நாம் அதைத் தவறான வேலைக்கு வைத்திருக்கிறோம். சந்தேகம் தீர, கேட் வால்வைச் சில விநாடிகள் மட்டும் மெதுவாக முழுக்க மூடி, கேஜையும் நீர்மட்டத்தையும் பார்க்கலாம். நம் எடுத்துக்காட்டுப் பம்ப் அப்போது சுமார் 100 மீட்டர் காட்ட வேண்டும். 80-தான் காட்டினால் தேய்மானம் அல்லது ஒழுகல். இந்தச் சோதனையை நீட்டக் கூடாது. தண்ணீர் ஓடாத நீர்மூழ்கி மோட்டார் சீக்கிரம் சூடேறும்.

மின்சாரம் இலவசமாக இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய இணைப்புகளுக்குக் கட்டணம் இல்லை, இன்று அத்தகைய இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். ஆனால் மே மாதத்தில் மோட்டார் இழுக்கும் 5.4 கிலோவாட்டில் தண்ணீருக்குப் போவது 1.7. மீதி 3.7 கிலோவாட் காயிலையும் பேரிங்கையும் தண்ணீரையும் சூடாக்குகிறது. அதன் பில் மின்வாரியத்திடமிருந்து வராமல் காயில் கட்டும் கடையிலிருந்தும், மோட்டாரை மேலே எடுக்கும் கூலியிலிருந்தும் வரும். மோட்டார் எரிந்து கிடக்கும் நாட்களில் பயிர் காய்வதும் அதில் சேர்த்தி. ஊராட்சிக் குடிநீர்ப் பம்புக்கும், தோட்டத்தில் சோலார் பேனலுக்குச் சொந்தப் பணம் போட்டவருக்கும் இந்தக் கேள்வியே எழாது.

வேகத்தை மாற்றும் டிரைவ் ஒன்றைப் பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அடிக்கடி கேட்கும் யோசனை. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் பாதியாகும் என்று விற்பனையாளர் காட்டும் கணக்கு, உரசலை மட்டும் எதிர்த்து ஓடும் பம்புக்கு உண்மை. அதே 80 சதவீத வேகத்தில் ஹெட் 64 சதவீதமாக இறங்கிவிடும். வால்வை மூடிய நிலையில் 100 மீட்டர் தரும் நம் பம்ப் 64 மீட்டர்தான் தரும். மார்ச்சில் தண்ணீரே 70 மீட்டர் ஆழத்தில் இருந்தால் ஒரு சொட்டும் மேலே வராது. போர்வெல்லில் ஹெட்டின் பெரும்பகுதி தூக்கும் உயரம், அது வேகத்துக்கு வளைந்து கொடுக்காது. ஆழம் குறைந்த டிசம்பரில் சொட்டுநீருக்கு அழுத்தத்தைச் சரிசெய்ய டிரைவ் உதவலாம். விரயம் அதிகமுள்ள மே மாதத்தில் அதற்கு வேலை இல்லை.

மே மாதத்தில் என்னதான் செய்யலாம்? தகட்டுப் புள்ளியை மட்டும் நம்பியவர் இன்னும் பெரிய மோட்டாராக, 10 எச்.பி.யாகப் போடுவார். அதற்கு முன் பார்க்க வேண்டியது கிணற்றின் ஊற்று. மே மாதத்தில் போர்வெல்லே விநாடிக்கு 1.8 லிட்டர்தான் ஊறுகிறது என்றால், பெரிய பம்ப் மட்டத்தை இன்னும் கீழே இழுத்துக் காற்றைத்தான் குடிக்கும். அந்த ஊற்றுக்கும் 95 மீட்டருக்கும் பொருந்தும், ஸ்டேஜ் அதிகமான சிறிய பம்ப் அங்கே 45 சதவீதத்தில் ஓடினால் மோட்டார் இழுப்பது 3.7 கிலோவாட்தான். 5 எச்.பி. போதும். அதே 900 மணியில் அதே தண்ணீருக்கு 4,860 யூனிட்டுக்குப் பதில் 3,355. டிசம்பரில் இந்தப் பம்ப் பழையதை விடக் குறைவாகவே தண்ணீர் தரும், அந்த மாதத்தில் கேட்பதும் குறைவு. 55 மீட்டர் ஹெட் அதன் தகட்டில் உள்ள ஹெட் ரேஞ்சுக்குள் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்த மாதங்களில் வால்வைக் கொஞ்சம் பிடித்து ஓட்ட நேரும். மார்ச் மாதத் தேவைக்குக் கூடுதலாகச் சில மணி நேரம் ஓட வேண்டியிருக்கும். அதையும் அதே முறையில் மணி நேரத்தோடு பெருக்கிக் கூட்டிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். பழைய மோட்டாரை மேலே எடுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை அளந்து, நீர்மட்டம், வோல்டேஜ், தேதியோடு ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் எழுதி வைத்தால், புதியது இறங்கியபின் அதே மட்டத்தில் எடுக்கும் அளவை அதன் பக்கத்திலேயே எழுதி ஒப்பிடலாம்.